ஒரு விரல் கனம்

சனிக்கிழமைச் சாயங்கால வெயில் வேதக்கோயில் வராந்தாவில் நீளமாக விழுகிறது. தூசி தட்ட வெளியே எடுத்து வைத்த காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, பாக்கியசீலன் தாத்தா வேப்பங்கட்டையை அறுக்கிறார். மறுமுனையைப் பேத்தி பெர்லின் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். நாளை ஆராதனைக்கு முதன்முதலாக அவள்தான் வாசிக்க வேண்டும், பிள்ளைகளே; ஒன்பது வயதுக் கால் மிதியை எட்டவில்லை. எட்ட வைக்கத்தான் இந்த இரண்டு கட்டைகளும். அதிகமென்று அறுத்துக் கழித்த விரல் கனத் துண்டுகள் மரத்தூளில் கிடக்கின்றன. கட்டைகளை மிதிகளின்மேல் வைத்துக் கட்டியாயிற்று. பெர்லின் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள். கால்நுனி மட்டும் தொடுகிறது. பெட்டியில் சத்தமே இல்லை.

"எட்டலையே தாத்தா."

"அளக்கும்போது எட்டுச்சேட்டி?"

"அப்பம் ஷூ போட்டிருந்தேன்லா. கோயிலுக்குள்ள ஷூவோடயா வாசிக்கது?"

"அதை அப்பமே சொல்லாம, வாயில என்னட்டி கொழுக்கட்டையா?"

"நீங்கதான அசையாத, பேசாதன்னு சொன்னிய!"

 பெர்லின் மரத்தூளைத் துழாவி, கழித்த துண்டுகளை எடுத்து ஊதி நீட்டுகிறாள். தாத்தா அவற்றைக் கட்டைகளின்மேல் வைத்து ஆணி அடிக்கிறார். ஆணித்தலை காலில் குத்துமோ என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறார். "இப்பம் பைய மிதி." வெறுங்கால் அழுந்துகிறது. பெட்டி மூச்சு வாங்குகிறது. அவள் விரல் வைத்த ஒற்றைச் சுரம் எழுந்து வராந்தா நெடுக நீள்கிறது. சுத்தியலைக் கீழே வைக்க மறந்து, தாத்தா அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.