மூன்றாவது மாப்பிள்ளை

மந்தானாவைப் பெண் கேட்டு வந்த முதல் இரண்டு பேரையும் அவள் அப்பா பஹ்ராம் வெள்ளிக்கிழமை மலையேற அழைத்துப் போனார். இருவரும் பத்திரமாகத்தான் இறங்கினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செருப்புப் போட்டு வந்ததற்காக ஒருவன் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். தேநீர்க் கெட்டிலை உருட்டிவிட்டதற்காக இன்னொருவன். பஹ்ராம் போட்ட சத்தத்தில் பக்கத்து மலையில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள் என்று தெஹ்ரானில் பேச்சு.

இன்று மூன்றாவது ஆள், அர்தவான். மந்தானா மேல் உயிரையே வைத்திருந்தான். இந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏற ஆரம்பித்தான்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஆரம்பித்தது வினை. அவர்கள் போகவேண்டிய தேநீர்க் கடைகள் வலப்பக்கம். அர்தவானுக்கு அது நன்றாகவே தெரியும். கல்லூரிக் காலத்தில் அவன் அங்கே போகாத வெள்ளிக்கிழமை இல்லை.

"நீங்க முன்னால போங்க ஐயா."

"சேச்சே, நீங்க விருந்தாளி. நீங்க போங்க."

"பெரியவங்க இருக்கும்போது நானா?"

"உங்க காலடி என் கண்ணு மேல, அர்தவான் ஜான். நீங்கதான் போகணும்."

செல்லமாக 'ஜான்' வேறு போட்டுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஒதுங்கி, மறுபடியும் வழிவிட்டு, கடைசியில் இருவரும் இடப்பக்கப் பாதைக்கே வந்துவிட்டார்கள். வந்த பிறகு எப்படித் திரும்புவது? வருங்கால மாமனாரிடம் போய், உங்களுக்கு வழி தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? அர்தவான் வாயை மூடிக்கொண்டு நடந்தான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பசி எடுத்தது. தக்காளியும் முட்டையும் போட்டு மலையிலேயே ஆம்லெட் செய்வதாக ஏற்பாடு. பஹ்ராம் பையை ஒரு கல்லின் மேல் வைத்தார். முதலில் உட்காரச் சொல்லி அவர் அவனைக் கெஞ்ச, அவன் அவரைக் கெஞ்ச, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அர்தவான் உட்கார்ந்தது நேராக முட்டைப் பையின் மேல்.

பஹ்ராமின் முகம் மாதுளை நிறத்துக்கு மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. அர்தவான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் மந்தானாவிடம் விடை பெற்றான்.

"அடி கிடி படலையே?" என்று கேட்டார் பஹ்ராம். அவ்வளவுதான். கேட்டுவிட்டு எழுந்து நின்று பாட ஆரம்பித்தார். அந்தக் குரலுக்குத் திட்டே தேவலை. ஆனாலும் அர்தவான் தாளம் போட்டான், முட்டை சொட்டச் சொட்ட.

பாதை ஓர் ஆட்டுப்பட்டியில் போய் முடிந்தது. மிச்சமிருந்தது பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கொஞ்சம்தான். அதையும் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரே ஒரு துண்டில் வந்து நின்றது.

"இது உங்களுக்கு ஐயா."

"எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு. நீங்க சாப்பிடுங்க."

"நீங்களே சாப்பிடுங்க ஐயா, எனக்காக."

ரொட்டித் துண்டு இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக அலைந்தது. நாலாவது தடவை நீட்டியபோது ஓர் ஆடு வந்து வாங்கிக்கொண்டது. அதற்கு மரியாதையெல்லாம் தெரியாது. ஒரு தடவை சொன்னதுமே சாப்பிட்டுவிட்டது.

பட்டிக்காரர் வெளியே வந்து, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லையே. ஐயாவுக்கு வழி தெரியும்," என்றான் அர்தவான்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் அர்தவான் ஜானுக்குத்தான் தெரியும்," என்றார் பஹ்ராம்.

பட்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு அப்புறம் என் ஆடே போகாது. நீங்க எங்க போறீங்க?"

அர்தவானுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வருவது வரட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். "மன்னிச்சிருங்க ஐயா. அப்பவே வலப்பக்கம் திரும்பணும்னு எனக்குத் தெரியும்."

பஹ்ராம் தரையைப் பார்த்தார். "எனக்கும் தெரியும்."

பட்டிக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின. பஹ்ராமும் சிரித்தார். அர்தவானும் சிரித்தான். மூன்று பேருமாகச் சேர்ந்து ஆடுகளைப் பிடித்து அடைக்கச் சாயங்காலமாகிவிட்டது. முட்டி சிராய்ந்து, சட்டை கிழிந்து, உடம்பெல்லாம் ஆட்டு வாசனை. இருந்தும் இப்படி ஒரு நாள் அவன் வாழ்க்கையில் வந்ததில்லை.

இறங்கும்போது பஹ்ராம் சட்டென்று நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தீர்ப்பு வரப்போகிறது என்று அர்தவானும் நின்றான்.

"மந்தானா விடாம ஃபோன் பண்றா. என்ன சொல்றது?"

"உங்க முடிவு எதுவானாலும் சரி, ஐயா."

"என் முடிவா? ரெண்டு பேரை விரட்டினவன்கிட்ட இனிமே முடிவு ஏது?" பஹ்ராமின் குரல் இறங்கிப்போயிருந்தது. "இன்னைக்கு ஒரு தடவை சத்தம் போட்டாலும் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவே மாட்டாளாம். சொல்லித்தான் அனுப்பினா."

அடித்துக்கொண்டிருந்த ஃபோனை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"நல்ல மார்க்காப் பார்த்துப் போடுங்க, அர்தவான் ஜான்."