பச்சை அட்டை நோட்டு

"அந்த எண்ணெய் டின்னை இப்படிக் கொடு, நான் படிக்கிறேன்."

சமையலறையிலிருந்து வந்த குரல் மகளுடையது இல்லை. அவளோடு படிக்கும், தடிக் கண்ணாடி போட்ட அந்தச் சோடாபுட்டியுடையது.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் நின்றது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி உள்ளே போனால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒன்றரை வயதில் மூச்சு நின்றுபோக இருந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளே, அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் படிப்பது அம்மாதான். கடையில் ஒரு தடவை, அலமாரியில் வைக்கும்போது ஒரு தடவை, பிரிக்கும்போது ஒரு தடவை. எந்த பேக்கரியில் ஒரே கத்தியால் எல்லா கேக்கையும் வெட்டுகிறார்கள், எந்த பிஸ்கட்டை நம்பலாம், எல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

போன மாதம் டாக்டர் சொன்னார். "பொண்ணுக்குப் பதினஞ்சு ஆச்சும்மா. இனி அவளே பாத்துக்கப் பழகட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சரியென்று தள்ளித்தான் நின்றாள். பார்த்தால், அந்த இடத்தில் இந்தச் சோடாபுட்டி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்!

பள்ளிக்கூடம் விட்டால் தினமும் ஆஜர். டின்னை மூக்கில் ஒட்டிக்கொண்டு இவள் படிப்பாளாம், மகள் இவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். இதில் ஜோடிப் பை வேறு. மூச்சு அடைத்தால் போட்டுக்கொள்ள மகள் வைத்திருக்கும் அவசர ஊசிக்காக அம்மா தைத்த சிவப்புப் பை மாதிரியே இவள் தோளிலும் ஒன்று. அதே துணி, கோணல் தையல். மகள்தான் தைத்திருக்கிறாள். பெற்றவளுக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுத்திருப்பாளா?

"அம்மா, நாங்க கடைக்குப் போய்ட்டு வர்றோம்."

"இரு, நானும் வரேன்."

"நீ வேணாம்மா. நீ வந்தா நீயே படிச்சிடுவே."

சுருக்கென்றது.

அவர்கள் போனதும் பச்சை நோட்டைத் தேடினாள். வழக்கமான இடத்தில் இல்லை. சோடாபுட்டியின் புத்தகப் பை நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே பச்சை அட்டை எட்டிப் பார்த்தது.

திரும்பி வந்தவர்களை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என் நோட்டு இவ பைக்கு எப்படிடி போச்சு? பதினாலு வருஷம் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தவ நான். இப்ப நான் வேணாம், இவ போதும். அப்படித்தானே?"

சோடாபுட்டிக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அம்மா, கத்தாதே!" என்றாள் மகள். "அந்த நோட்டு எனக்கு மனப்பாடம். இப்ப அது இவளுக்குத்தான் வேணும். போன மாசம் எதையோ தின்னுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தா. இவளுக்கும் வேர்க்கடலைதான். டாக்டர் ஊசி கொடுத்துட்டார். ஆனா எதை எப்படிப் படிக்கணும், கடையில என்ன கேக்கணும்னு யாரு சொல்லித் தருவா? இவளுக்கு அம்மா இல்ல. அப்பா லாரியில ஏறினா பத்து நாள் ஆகும் வர. அதான் நான் படிக்க வச்சுப் பழக்கறேன்."

"ஏண்டி, இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ இவளைப் பாவம்னு பாப்பியாம். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

சோடாபுட்டி உள்ளே போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். "தப்புதான் ஆன்ட்டி. கேக்காம எடுத்துட்டோம்."

அம்மா முதல் பக்கத்தைத் திருப்பினாள். மகளின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதியிருந்தாள் அந்தப் பெண். பிறந்த தேதி, ரத்த வகை, எல்லாவற்றையும் அடித்து மாற்றியிருந்தாள். கடைசி வரியை மட்டும் தொடவில்லை.

'ஆபத்து என்றால் உடனே கூப்பிட: அம்மா.' பக்கத்தில் அம்மாவுடைய போன் நம்பர்.

"இது ஒண்ணை மட்டும் மாத்தலையே?" அம்மா அந்த வரியில் விரலை வைத்தாள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் சட்டைக் கையில் துடைத்தாள்.

"அங்க எழுத எங்கிட்ட வேற நம்பர் இல்ல ஆன்ட்டி. அப்படியே இருக்கட்டுமா?"