தண்ணீரின் சூடு

நீலக் கோடு மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான். கோடு இறங்கவில்லை.

அந்த மருத்துவமனையில் அவன் வேலை இதுதான். இதயம் நின்றுபோய், மீண்டும் துடிக்க வைக்கப்பட்டவர்களின் உடம்பை ஒரு மெஷின் முதலில் குளிர வைக்கும். பிறகு மெல்ல மெல்ல இயல்பான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைக்கும். நெஞ்சிலும் தொடையிலும் ஒட்டிய பட்டைகளுக்குள் தண்ணீர் ஓடும். மெஷின் பதிந்து வைத்ததையெல்லாம் எடுத்து, டாக்டர்கள் கூடிப் பேசும்போது ஒரே பார்வையில் புரிகிற மாதிரி அவன் வரைந்து கொடுப்பான். நோயாளியின் சூடு சிவப்பு. தண்ணீரின் சூடு நீலம்.

பெயர் இருக்காது. படுக்கை எண் மட்டும்தான்.

இந்த முறை அந்தப் படுக்கையில் கிடந்தவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பஸ்ஸில் போனாலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அவனுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்து, ஒரு வாரத்தில் கைகழுவிவிட்டார். உனக்கு பஸ்தான் ராசி என்று சொல்லிவிட்டார்.

ஒரு பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து சீட்டில் சரிந்தார். "அந்தப் பொண்ணு அன்னிக்குத்தான் வண்டிய ஓரமா ஒழுங்கா நிறுத்துச்சாம்" என்று சொல்லி அக்கா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. அதைத்தான் அக்கா போனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, குளிரும் இல்லை, சூடு அசையாமல் நிற்கிறது என்று. வெளியூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கும் மகளுக்கும் அதையே சொன்னாள்.

அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நேர்கோடு மாமா போட்டதல்ல.

பிழைக்கப் பார்க்கிற உடம்பு சும்மா கிடக்காது. மெஷினோடு மல்லுக்கு நிற்கும், சூட்டைக் கிளப்பும். அதை அடக்கத் தண்ணீர் ஜில்லென்று ஓட வேண்டியிருக்கும். முதலில் மாமாவும் அப்படித்தான் மல்லுக்கு நின்றார். மூளை கைவிட்டுவிட்டால் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. அப்போது மெஷின்தான் தண்ணீரைச் சூடாக்கி ஊட்ட வேண்டும்.

உடம்பை அடக்கி வைத்திருந்த தூக்க மருந்தை நிறுத்திய பிறகும் நீலம் ஏறியிருந்தது. ஏறி, சிவப்பைத் தாண்டிப் போயிருந்தது.

அவன் படத்தை அகலமாக இழுத்து, உயரத்தைக் குறுக்கிப் பார்த்தான். ஏற்றம் தெரியவில்லை. நீலத்தை வெளிற வைத்தான். இருப்பதே தெரியாமல் போயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? எல்லாவற்றையும் பழையபடி மாற்றி அனுப்பினான்.

கூட்டத்தில் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நோயாளி அவனுக்கு யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய டாக்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் அவர் விரல் நின்றது. மற்ற பரிசோதனைகளும் இதையேதான் காட்டுகின்றன என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

விளக்கம் கேட்கவே இடமில்லாத அளவுக்கு அவன் தெளிவாக வரைந்திருந்தான்.

"வீட்ல நான் பேசவா, நீங்களே சொல்றீங்களா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

தானே சொல்வதாகச் சொன்னான்.

லிஃப்ட் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடும் என்று படிக்கட்டில் ஏறினான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். அக்கா, ஒரு விஷயம். அக்கா, கொஞ்சம் வெளியே வா. எதுவும் அடுத்த படி வரைக்கும்கூட வாயில் நிற்கவில்லை.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மாமாவின் கையில் இல்லை. பட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாரு. மொதல்ல ஐஸ் மாதிரி இருந்துச்சு."

தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் உடம்புச் சூடுதான் தண்ணீருக்கு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா." அவள் குழாயை விடவில்லை. "இது சூடாக ஆரம்பிச்சதுலேருந்து நர்ஸுங்க என் முகத்தப் பாக்கிறதையே விட்டுட்டாங்க. நேத்தே புரிஞ்சுபோச்சு."

அவன் குழாயிலிருந்து கையை எடுத்தான்.

"அவ தனியா வந்துக்கிட்டிருக்கா. வழியில இருக்கிற பிள்ளைகிட்ட வேற என்னத்தச் சொல்றது?" என்றாள். "வந்து அவ அப்பா கையப் புடிக்கிறப்ப ஜில்லுனு இருக்கக் கூடாது. அதுவரைக்கும் இந்தத் தண்ணி ஆறாம பாத்துக்க."

கோடு வரைவது மட்டும்தான் அவன் வேலை. அந்த மெஷினில் கை வைக்க அவனுக்கு அனுமதி கிடையாது.

"சரிக்கா" என்றான்.