சின்ன வட்டம்

வின்சன்ற் உருட்டிய கடைசிப் பந்து போகவேண்டிய பக்கம் போகவில்லை.

வளைந்து வந்து வெள்ளைக் குட்டிப் பந்துக்கு அருகில் நிற்கவேண்டியது, எதிர்ப்பக்கமாக வளைந்து பக்கத்துத் தடத்துக்குள் புகுந்து, அங்கே தேநீர்க் கோப்பையோடு நின்றவரின் காலைத் தேடிப் போனது.

புல்வெளி ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். யாருடைய பந்து என்று தெரிந்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டார்கள்.

நீக்கிலாப்பிள்ளை சிரிக்கவில்லை. எதிராளி அவர்தான்.

ஸ்காபரோவில் அந்தப் புல்வெளிக் கழகத்தின் ஒற்றையர் இறுதி ஆட்டம் அது. இருவருக்கும் இருபது புள்ளி, இன்னும் ஒன்று எடுத்தவர் வென்றவர். குட்டிப் பந்துக்கு ஆகக் கிட்ட நிற்கிற பந்துக்குத்தான் புள்ளி. வின்சன்ற்றின் முந்திய பந்து ஒன்று அதற்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. நீக்கிலாப்பிள்ளையின் கையில் ஒரேயொரு பந்து மிச்சம். அந்த ஒரு முழத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்குத் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி.

இந்தப் பந்துகள் சரியான உருண்டை இல்லை, ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கிற பக்கத்தில் சின்ன வட்டமும் மற்றப் பக்கத்தில் பெரிய வட்டமும் பொறித்திருக்கும். சின்ன வட்டம் உள்பக்கம் பார்க்கப் பிடிக்கவேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

பெல்ஃபாஸ்ற்றில் ஒன்பது வயதிலிருந்து உருட்டிய வின்சன்ற்றுக்கு, எண்பத்தொரு வயதில் அது மறந்துபோய்விட்டது.

இந்தக் கோடையில் அவர் மறப்பது இது முதல் தடவையும் அல்ல. போன மாதம் ஆட்டமே இல்லாத நாளில் வெள்ளை உடுப்போடு வந்து, பூட்டிய படலை வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அடுத்த வருசம் அவரை வாங்கில் இருத்திவிட்டால் நல்லது என்று செயற்குழுவில் கதை அடிபடுகிறது. விளையாட்டும் போனால் மனுசன் வீட்டு மூலையில் முடங்கிவிடுவார். நீக்கிலாப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும்.

செயற்குழுத் தலைவி பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். வின்சன்ற் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழகத்துச் சுவரில் வென்றவர்களின் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. தொண்ணூறு வருசத்துப் பெயர்களில் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லை. கழகத்தில் எல்லாருக்கும் நிக் ஆகிப்போன நீக்கிலாப்பிள்ளை, பதினொரு வருசமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறார். ஆசை இல்லையென்று சொன்னால் பொய்.

மனைவி றெஜினா, மில்லிக்கனில் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் படம் அனுப்பவென்று கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார்.

“ஆறுதலா உருட்டுங்கோ. உங்கடை பேர் நீளம், பலகையிலை இடம் காணுமோ எண்டுதான் நான் யோசிக்கிறன்.”

வின்சன்ற் விட்ட இதே பிழையை நீக்கிலாப்பிள்ளையும் ஒருநாள் விட்டவர்தான். கழகத்தில் சேர்ந்த முதல் மாதம். பந்து பக்கத்துத் தடத்துக்குள் போய் அவர்களுடைய ஆட்டத்தையே குழப்பிவிட்டது. முழுக் கழகமும் திரும்பிப் பார்த்தது. அத்தனை முகங்களுக்குள்ளும் கறுப்பு முகம் இவருடையது மட்டும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவே எடுத்துவிட்டார்.

அடுத்து உருட்டியவர் வின்சன்ற். அவருடைய பந்தும் நேரே அதே தடத்துக்குள் போய் நின்றது.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு இருவருக்கும் பொதுவாகிவிட்டது. பாவம் மனுசன் என்று நினைத்த நீக்கிலாப்பிள்ளை கிட்டப்போய், அவசரத்துக்கு இங்கிலிஸ் வராமல், தமிழிலேயே பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னார். வின்சன்ற் அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்டுப் பிடித்துவைத்துக்கொண்டார். மழை வந்தாலும் தோற்றாலும் அவர் வாயில் அந்தச் சொல்தான்.

இந்தக் கதையை நீக்கிலாப்பிள்ளை சொல்லாத கலியாண வீடு இல்லை. சின்னனிலிருந்து உருட்டின ஐரிஷ்காரனுக்கே பிழைத்தது, நான் எம்மாத்திரம் என்று முடிப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இப்போது நீக்கிலாப்பிள்ளை, நின்று உருட்டுகிற மிதிபாயில் கால்வைத்தார். சின்ன வட்டம் உள்பக்கம் சரியாக இருந்தது. பார்க்கத் தேவைப்படவில்லை, விரல் தானாகவே தடவிப் பிடித்திருந்தது.

பதினொரு வருசத்து விரலுக்கே இவ்வளவு தெரிகிறது. அன்றைக்கு வின்சன்ற்றின் விரலுக்கு அறுபது வருசப் பழக்கம்.

அன்று வின்சன்ற் குனியமுன், பந்தைக் கைக்குள் ஒருமுறை புரட்டினார். அதை நீக்கிலாப்பிள்ளை தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவர். பார்த்துவிட்டு, இத்தனை வருசமாக ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லித் திரிந்திருக்கிறார். மடையன்.

பலகையை ஒருதரம் நினைத்தார். பிறகு குனிந்து, பந்தைக் கைக்குள் ஒருமுறை புரட்டினார்.

தேநீர்க் கோப்பைக்காரர் இந்தமுறை கோப்பையோடு துள்ளி விலகினார். முன்னர் விழுங்கிய சிரிப்பையும் சேர்த்து வாங்கு முழுவதும் சிரித்தது. அந்த முனையில் வெயில் நேரே கண்ணுக்குள் அடிக்கிறது, யாருக்கும் பிழைக்கும் என்று செயற்குழுத் தலைவி தீர்ப்புச் சொன்னார். றெஜினா கைபேசியை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வாருங்கோ பார்ப்பம் என்பதுபோல முறைத்தார்.

வின்சன்ற் நீக்கிலாப்பிள்ளையை நோக்கி நடந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. பாவம் மனுசன் என்று உண்மையாகவே நினைக்கிற முகம். அன்றைக்கு நீக்கிலாப்பிள்ளையின் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கிட்ட வந்து தோளில் கைவைத்தார்.

“பரவாயில்லை, நிக்.”