மூடியில் இருந்த பெயர்

அந்தக் காலத்தில் வகுப்புக்கு வகுப்பு தூக்கிப்போய்ப் பாட்டுப் போட்ட பள்ளிக்கூட கிராமபோன், நூற்றாண்டு விழாவுக்காக மறுபடி பாட ஆரம்பித்திருந்தது. அதன் மூடியில் பெயர் எழுத வயதான பெயிண்டர் ஒருவரை வரவழைத்திருந்தார் தலைமையாசிரியை மலர்விழி.

“டீச்சர், மூடியில ஏற்கெனவே ‘உபயம்: சின்னாயி, எருமப்பட்டி’ன்னு இருக்குதுங்க.”

“யாரோ என்னமோ! ரிப்பேர் பண்ணிக் குடுத்த கோழிப்பண்ணைக்காரர் பேருதான் பெரிசா வரணும். அதைச் சுரண்டிடுங்க.”

பெயிண்டர் கீழே ஒரு காகிதத்தை விரித்து, மெதுவாகச் சுரண்டினார்.

“குப்பைத்தொட்டி வெளியில இருக்கு” என்றார் மலர்விழி.

“இருக்கட்டுங்க.” உதிர்ந்த தூளைக் காகிதத்தோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் புதுப்பெயர் பளிச்சென்று வந்துவிட்டது. மலர்விழிக்கு ஏகத் திருப்தி.

“விழாவுல உங்களுக்கும் ஒரு பொன்னாடை போடணும். பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“வீரனுங்க.”

“இனிஷியல்?”

“சி.”

“அப்பா பேருங்களா?”

“இல்லீங்க, அம்மா பேருங்க. சின்னாயி.”

மலர்விழியின் பேனா நின்றது.

“அப்பவே சொல்லியிருக்கலாமேங்க?”

“யாருன்னு நீங்க கேக்கலீங்களே, டீச்சர்.”

மலர்விழியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்வை அந்தச் சட்டைப்பையிலேயே நின்றது.