முதல் கிண்ணம் சோறு

சைகோனில் எடுக்கும் அந்தக் குடும்பத் தொடரில் கிழவர் லுவான்தான் தாத்தா. வசனம் கிடையாது. மகன், மருமகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் தனியாகச் சாப்பிடும் மனிதருக்கு அதுவே விருந்து. ஆனால் மாதத்துக்கு ஒரு நாள்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லா எபிசோட்லயும் என்னைக் காட்டக் கூடாதாம்மா?" என்று இயக்குநர் ஹுவேனை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அன்று ஹுவேனே அவரைக் கூப்பிட்டாள். "பெரியப்பா, இப்ப சந்தோஷமா? இனிமே நீங்க இல்லாத எபிசோடே கிடையாது. மகன் உங்க முன்னாடி கைகூப்பி நிப்பான். மருமக முதல் கிண்ணம் சோறு உங்களுக்குத்தான் வைப்பா."

லுவானுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக் கோட்டு மாட்டித் தலைசீவிவிட்டார்கள்.

"நேரா பாருங்க. சிரிக்காதீங்க."

ஒரே ஒரு போட்டோ எடுத்தார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்மா?"

"நீங்க எதுக்கு பெரியப்பா அலையணும்? போட்டோ போதும்" என்று கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள் ஹுவேன்.

"மருமக சோறு வைப்பான்னியே?"

"வைப்பா. பக்கத்துலயே ஊதுபத்தியும் ஏத்தி வைப்பா."