பூட்ஸ் சத்தம்

"வந்துட்டாங்க, பாருங்க!"

செயலாளரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். படிக்கட்டு அதிர ஆரம்பித்தது. தடதடவென்று பூட்ஸ் சத்தம். கூடவே, "ஏறு... ஏறு... விடாதே!" என்று ஒரு கத்தல்.

எதிர்ச்சாரியில் இருக்கும் தீயணைப்பு நிலையத்து ஆட்கள். உடற்பயிற்சியாம். வண்டியைக் கட்டட வாசலிலேயே தயாராக நிறுத்திவிட்டு, தலைக்கவசம், முதுகில் சிலிண்டர், தோளில் சுருட்டிய ஹோஸ் என்று முழுக்கோலத்தோடு ஐந்து மாடியும் ஏறுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை.

"பொண்ணுக்குப் பரீட்சை நெருங்குது. இந்தக் கூத்துல அவ எங்கேர்ந்து படிப்பா? குடியிருப்போர் சங்கச் செயலாளர்னு பேருதான் பெரிசு."

"கொஞ்ச நாளைக்குன்னுதான் கேட்டாங்க. சரின்னேன். மாசக்கணக்கா இழுக்கறாங்க."

"நீங்க சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே இருங்க. நான் போய்ப் பேசிக்கறேன்."

அவள் போய்ப் பேசினால் நிலையத்திலேயே தீப்பிடிக்கும். செயலாளர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நிலைய அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். எங்க படிக்கட்டுல பயிற்சியை நிறுத்திக்கோங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரியின் முகம் சுருங்கியது.

"சார், போன வருஷம் ஒரு கட்டடத்துல தீ. மூணாவது மாடி போறதுக்குள்ள எங்க ஆளுங்களுக்கு நாக்கு தள்ளிடுச்சு. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அன்னிலேர்ந்துதான் இந்தப் பயிற்சி. தனித்தனியா செய்யச் சொன்னா ஆளுக்கொரு சாக்கு சொல்லி நழுவிடறாங்க. சேர்ந்து ஏறினா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கு ரோஷம் வருது. எங்க டிரைவரையே பாருங்க. தொப்பை எங்கே போச்சுன்னு அவர் சம்சாரம் தேடிக்கிட்டு இருக்காங்க."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வெட்கத்தோடு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நல்ல விஷயம்தான். ஆனா வேற படிக்கட்டே கிடைக்கலையா? பக்கத்துத் தெருவுல பெரிய ஆபீஸ் கட்டடம் இருக்கு. அங்கே போங்க."

"அவங்களும் வரச் சொன்னாங்க..." அதிகாரி தயங்கினார். "உங்க லிஃப்ட் எப்ப சார் சரியாகும்?"

"ஏதோ பாகம் வெளியூர்லேர்ந்து வரணுமாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் ஒரே ஒரு நாள். அதோட முடிச்சுக்கோங்க."

"சரி சார்" என்றார் அதிகாரி.

அந்தக் கடைசி நாளும் வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வதுதான் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் பழக்கம். அன்றைக்கு மட்டும், இதோடு ஒழிந்தார்களா என்று பார்த்துவிடலாமென்று செயலாளர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அவர் மனைவி.

தடதடவென்று மேலே போனவர்கள், இறங்கும்போது பூனை மாதிரி வந்தார்கள்.

முன்னால் நிலைய அதிகாரி. பின்னால் டிரைவரும் சேர்ந்து நாலு பேர், நடுவில் ஒரு நாற்காலி. அதில், மடியில் கைப்பையும் ஆஸ்பத்திரி ஃபைலுமாக, ஐந்தாவது மாடி தையல் டீச்சர்.

டீச்சருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அது செயலாளருக்குத் தெரியும். லிஃப்ட் நின்றுபோன இத்தனை நாளாக அவர் எப்படி இறங்குகிறார், எப்படி ஏறுகிறார் என்பதுதான் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. டீச்சரும் வாய்விட்டு உதவி கேட்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரைகூடக் கைமாற்று வாங்காதவர்.

"கொஞ்சம் நில்லுங்கப்பா" என்றார் டீச்சர். நாற்காலி மெதுவாகத் தரையில் இறங்கியது.

"சார், இவங்களை இனிமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களாமே? டிரைவர் தம்பி இப்பதான் வாய் தவறிச் சொன்னார்."

செயலாளர் டீச்சரின் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

"எனக்காகக் கொஞ்சம் மனசு வைங்க சார். பாவம், பொம்மையைத் தூக்கிப் பழகினா பத்தாதாம். நிஜ ஆள் வேணுமாம். எங்கெங்கேயோ கேட்டும் யாரும் ஒத்துக்கலைன்னு என் வீட்டு வாசல்ல வந்து கெஞ்சினாங்க. எனக்கும் ஆஸ்பத்திரிக்குப் போற வழிதானே, உக்காந்துட்டுப் போறேன்னு சொன்னேன். நாளைக்கு இவங்க நாலு உயிரைக் காப்பாத்தினா, அதுல என் பங்கும் கொஞ்சம் இருக்குமில்லையா?"

செயலாளர் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். வெறும் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதிகாரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவரின் கண்கள் மட்டும், 'சொல்லிடாதீங்க சார்' என்று கெஞ்சின.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்களே இவ்வளவு செய்யறப்போ நான் குறுக்கே நிக்கலாமா டீச்சர்? தாராளமா வரட்டும். ஆனா எனக்கும் ஒரு உதவி பண்ணணும். உடம்பைக் குறைச்சே ஆகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். மத்தியானம் உங்களை மேலே ஏத்தும்போது ஒரு பக்கம் நானும் பிடிச்சுக்கட்டுமா?"

"அதுக்கென்ன, பிடிங்க!" டீச்சரின் முகம் மலர்ந்தது. "என்னால உங்களுக்கும் நல்லது நடக்கட்டுமே."

வருஷக்கணக்கில் எந்த டாக்டர் வீட்டுப் படியையும் மிதிக்காத கணவரை மனைவி ஒரு கணம் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"டீச்சர்... அந்த டாக்டர் எனக்கும் அதையேதான் சொல்லியிருக்கார்!"